வரி கட்டாதவர் யார்?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எங்கள் கரையோர ஊர்களில் எவரிடமாவது வருமான வரியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே மறுமொழிதான் கிடைக்கும். "அது எங்களுக்கில்லை, மாதச் சம்பளம் வாங்குகிற பெரிய உத்தியோகத்தர்களுடைய பிரச்சினை." கரைவலை இழுப்பவரும் இதைச் சொல்வார். கடைத்தெருவில் மூன்று களஞ்சியங்களை நிரப்பி வைத்திருக்கும் மொத்த வியாபாரியும் இதையே சொல்வார். முன்னவர் சொல்வது உண்மையல்ல; பின்னவர் சொல்வது நியாயமல்ல. இவ்விரண்டையும் விளக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, ஆண்டொன்றுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை உழைப்பவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். அதன் பின்னர் வரும் மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 சதவீதம். எஞ்சியது அனைத்துக்கும் 36 சதவீதம். மாதம் இரண்டு இலட்சம் ரூபாய் சம்பளம் பெறும் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டு வருமானம் 24 இலட்சம். விலக்குப் போக வரிக்குரியது 6 இலட்சம். அதில் 6 சதவீதம் 36,000 ரூபாய். மாதத்துக்கு 3,000 ரூபாய்.

இனி, மாதம் 60,000 ரூபாயில் குடும்பம் நடத்தும் ஒரு மீனவரை எடுத்துக்கொள்வோம். வந்தது முழுவதும் செலவாகிவிடும். சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தச் செலவில் அரிசி, மீன், மரக்கறி, வீட்டு வாடகை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காது விட்டுவிடுவோம். மற்றப் பாதியான 30,000 ரூபாய் சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், சமையல் எரிவாயு, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், பிள்ளைக்குப் பாடசாலைப் பை, கைத்தொலைபேசிக் கட்டணம் என்று போவதாக வைத்துக்கொள்வோம். பெறுமதி சேர் வரி, அதாவது நாம் 'வற்' என்று சொல்லும் வரி, 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாக்கப்பட்டது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் அதுவரை இருந்த விலக்கும் அன்றோடு நீங்கியது. 30,000 ரூபாய் விலைக்குள் 18 சதவீத வற் அடங்கியிருக்குமானால் அதன் தொகை 4,576 ரூபாய். தெருமுனைக் கடைக்காரர் வற் வரிக்குப் பதிவு செய்யாதவர், அவருடைய இலாபத்தின் மீது இந்த வரி விழுவதில்லை என்று சொல்லிச் சில நூறுகளைக் கழித்துவிட்டாலும் ஏறத்தாழ 4,000 ரூபாய் நிற்கும்.

ஆக, இரண்டு இலட்சம் உழைப்பவர் வருமான வரியாகக் கட்டுவது அவர் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றரை. அறுபதினாயிரம் உழைப்பவர் வற் வரியாக மட்டும் கட்டுவது அவர் வருமானத்தில் நூற்றுக்கு ஆறுக்கும் மேல். இரண்டு இலட்சக்காரரும் கடையில் வற் கட்டத்தானே செய்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். கட்டுகிறார். ஆனால் அவரால் வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமிக்க முடிகிறது. சேமிக்கும் பணத்தை வற் தொடுவதில்லை. கிடைத்ததெல்லாம் செலவழிக்க வேண்டிய ஏழைக்கே அந்த வரி முழுப் பாரமாக இறங்குகிறது. இதற்கு மேலே இறக்குமதிச் சீனி, வெங்காயம், உருளைக்கிழங்கு, நோன்பு காலத்துப் பேரீச்சம்பழம் ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்டு வந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு இருக்கிறது. 2022 ஒக்டோபரில் வந்த இரண்டரைச் சதவீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடும் பொருளின் விலைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. "எங்களுக்கு வரி இல்லை" என்று சொல்லும் கரைவலைத் தொழிலாளி உண்மையில் பெரியதொரு வரியாளர். தான் வரியாளர் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. பிரித்தானியர் காலத்தில் நெல் வரி என்று ஒன்றிருந்தது. விளைச்சலில் அரசுக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். கட்டத் தவறியவர்களின் காணிகள் ஏலத்தில் போயின; மலைநாட்டில் வலப்பனைப் பகுதி விவசாயிகள் 1880களில் இதனால் பட்ட பாடு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கொடிய வரிதான். ஆளுநர் ஆர்தர் ஹவ்லொக் காலத்தில், 1892இல், அது ஒழிக்கப்பட்டது. நெல் விளையும் எங்கள் மட்டக்களப்புத் தெற்குக்கும் அது விடுதலையே. ஆனால் இறக்குமதி அரிசி மீதான சுங்கத் தீர்வை தொடர்ந்து இருந்தது. தோட்டத் தொழிலாளியும் துறைமுகக் கூலியும் உண்ட ஒவ்வொரு பிடி சோற்றிலும் அந்தத் தீர்வை இருந்தது. வருமான வரி இந்நாட்டுக்கு வந்தது 1932இல்தான். இடைப்பட்ட 40 ஆண்டுகள் கோப்பி, தேயிலை, இறப்பரில் பொருள் சேர்த்தவர்களின் வருமானத்தின் மீது வரி இல்லை. அரசாங்கம் சுங்கத்தையும் உப்பையும் சாராயத்தையும் பெரிதும் நம்பி நடந்தது. களத்தில் வந்து நெல்லை அளந்தெடுத்த வரியை விவசாயி கண்டான்; எதிர்த்தான்; ஒழித்தான். அரிசி விலைக்குள் இருந்த வரியை உண்டவன் காணவில்லை. அதனால் எதிர்க்கவும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின்னரும் அடிப்படை மாறவில்லை. அரசின் வரி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மறைமுக வரியாகவே பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. 2023க்குப் பின்னர் நேர்வரியின் பங்கு கூடியிருப்பது உண்மை. ஆயினும் பெரும்பகுதி இன்னும் கடையிலும் சுங்கத்திலும்தான் வசூலாகிறது. இலண்டனில் வாழும் வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே வற் வரி 20 சதவீதம், நம்முடையதைவிட அதிகம். ஆனால் பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கும் சிறுவர் உடைகளுக்கும் புத்தகங்களுக்கும் அது பூச்சியம். அரசின் மிகப்பெரிய வருவாயும் வருமான வரியிலிருந்தே வருகிறது.

வருமான வரியைக் குறைத்தால் நாடு செழிக்கும் என்று சொல்வோர் எப்போதும் உண்டு. அந்தப் பரிசோதனையை நாம் ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம். 2019 நவம்பரில் பதவிக்கு வந்த கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் முதல் வேலையாக வரிகளைக் குறைத்தது. வற் 15இலிருந்து 8 சதவீதமாயிற்று. வருமான வரி விலக்கு ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. உச்ச வீதம் 24இலிருந்து 18 ஆகக் குறைந்தது. உழைக்கும்போதே செலுத்தும் வரியைக் கட்டாயமாகப் பிடிக்கும் முறையும் 2020 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த வரி வருவாய் 2022இல் 8 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டது உண்மை. ஆனால் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு மழையைக் குறை சொல்ல முடியாது.

வரியாக வராத பணத்தை அரசாங்கம் அச்சிட்டது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களில் மட்டும் 94.9 சதவீதம். ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் எங்கள் கரையில் எத்தனை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வரிக் குறைப்பின் பயன் மாதம் ஒன்றரை, இரண்டு, மூன்று இலட்சம் உழைத்தவர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் போயிற்று. அதன் விலையைக் கொடுத்தவர்களில் கடலுக்குப் போக முடியாமல் படகைக் கரையேற்றி வைத்த மீனவர் முன்வரிசையில் நின்றார். பொருளாதாரச் சரிவுக்கு ராஜபக்ஷ சகோதரர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு என்று 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நாம் எல்லோரும் நீதி கிடைத்ததென்று எழுதினோம். தீர்ப்பு மகிழ்ச்சிக்குரியதே. மீனவரின் நட்டம் நட்டந்தான்.

பின்னர் சர்வதேச நாணய நிதியத்தின் வழிகாட்டலில் தராசு மறுபக்கம் ஒரேயடியாகச் சாய்ந்தது. 2023 ஜனவரியில் விலக்கு 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6 சதவீதமாக ஏறி, 36 சதவீதத்தில் போய் நின்றது. மாதம் 3,08,000 ரூபாயைத் தாண்டியவுடனேயே உச்ச வீதம். அன்றைய நாணய மாற்றில் அது ஆயிரம் டொலருக்கும் குறைவு. மாதம் இரண்டு இலட்சம் பெற்றவருக்கு 2022இல் பூச்சியமாக இருந்த வரி 10,500 ரூபாயாயிற்று. மூன்று இலட்சம் பெற்றவருக்கு 3,000 ரூபாய்க் கணக்கிலிருந்து 35,000 ஆயிற்று. அதே வேளையில் மின்கட்டணமும் வங்கி வட்டியும் ஏறின. வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் வங்கி, துறைமுக, மின்சார சபை ஊழியர்களும் 2023 மார்ச் 15இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் ஊர்களிலிருந்தும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் விமானம் ஏறினார்கள். அவர்களுடைய ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. 2025இல் விலக்கு உயர்ந்து சுமை ஓரளவு இறங்கியது அந்தக் குரல் கேட்டதனால்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருமான வரி கட்டியவர்களின் குரல் கேட்டது; சுமை இறங்கியது. வற் கட்டியவர்களின் குரல் எழவேயில்லை. 18 சதவீதம் 18 ஆகவே நின்றது. காரணம் எளிது. சம்பளச் சீட்டில் பிடித்த தொகை எழுத்தில் இருக்கிறது. சவர்க்கார உறையில் அது தனியாகத் தெரிவதில்லை. பத்திரிகையாளர்களாகிய எங்கள் வழக்கமும் இதற்குத் துணைபோகிறது. வரவு செலவுத் திட்ட நாட்களில் எத்தனையோ இரவுகளைச் செய்தி அறையில் கழித்திருக்கிறேன். எது விலை ஏறும், எது விலை குறையும் என்பதே மறுநாள் தலைப்பு. இந்தச் சுமையில் எவருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி உள்பக்கத்திலும் அரிதாகவே வரும்.

கட்டும் வரியைக் காணாதவர் அதற்குக் கணக்குக் கேட்பதில்லை. மாநகர சபை அனுப்பும் சோலை வரிப் பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "குப்பை அள்ள வண்டி வருவதில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்று சண்டை பிடிப்பவர்களை நாம் அறிவோம். சண்டை பிடிக்கட்டும், அது குடிமகனின் உரிமை. ஆனால் ஒலுவில் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். டென்மார்க் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. மணல் சேர்ந்து வாயடைபட்டது. படகுகள் உள்ளே வர முடியாமல் மீனவர்கள் பலமுறை போராடினார்கள். ஒலுவில், நிந்தவூர்ப் பக்கத்துக் கரையையும் தென்னைகளையும் கடல் தின்றது. கரை போனதற்கு நிவாரணம் கேட்டோம். "எங்கள் பணத்தில் கட்டியது ஏன் இப்படியானது?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அரசு தந்த துறைமுகம், வெளிநாடு தந்த துறைமுகம் என்றே பேசினோம். கடனைத் திருப்பிக் கட்டும் பணம் சவர்க்காரத்திலும் சீனியிலும் நாம் கொடுத்த பணம் என்ற எண்ணம் வரவில்லை.

இனி அந்த மொத்த வியாபாரியிடம் வருகிறேன். என் ஊரவர்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். வியாபாரம் எங்கள் கரையோர ஊர்களின் முதுகெலும்பு. சுனாமியின் பின்னரும், போரின் நடுவிலும், கொடுமையான தட்டுப்பாட்டுக் காலத்திலும் ஊரைத் தாங்கியவர்கள் வியாபாரிகள். அதை மறுக்கவில்லை. ஆனால் சம்மாந்துறையில் ஒரு வங்கி உத்தியோகத்தரின் வரி அவர் சம்பளத்தைக் கண்ணால் காணுமுன்பே பிடிக்கப்படுகிறது. அவரைவிடப் பத்து மடங்கு உழைக்கும் அரிசி ஆலைக்காரரோ, பின்னேரங்களில் தனியார் சிகிச்சை நிலையத்தில் நோயாளர் பார்க்கும் வைத்தியரோ, மண்டபம் நிறையப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தும் பிரத்தியேக வகுப்பு ஆசிரியரோ தம் வருமானத்தைத் தாமே சொல்லித் தாமே கட்ட வேண்டும். நேர்மையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் அறிவேன். சொல்லாதவர்களையும் ஊர் அறியும். ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், கண்ணுக்குத் தெரியும் வருமானத்துக்கு ஒரு நீதி, தெரியாத வருமானத்துக்கு இன்னொரு நீதி. உச்ச வீதம் 36 என்று எழுதி வைத்துவிட்டு அதைச் சம்பளக்காரரிடம் மட்டும் வசூலிப்பது வரிக் கொள்கையல்ல.

"நாங்கள் ஸகாத் கொடுக்கிறோமே" என்று சிலர் சொல்வார்கள். கொடுக்கிறார்கள், அதனால் வாழும் குடும்பங்கள் பல. மலேசியாவில் தனிநபர் கொடுக்கும் ஸகாத்தை வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டமே இடமளிக்கிறது. இங்கும் அதைப்பற்றி ஆராயலாம். ஆனால் ஸகாத்தின் கணக்கை அறிந்தவர்கள் அதன் உள்ளிருக்கும் நீதியையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு வரம்புக்கு மேல் உடையவர் மீதே அது கடமை. சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு. மழை நீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. உழைத்து நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. இல்லாதவரிடம் கேட்காதே, பாடுபட்டவரிடம் குறைத்து வாங்கு என்பதே அதன் முறை. வருமானத்தை மறைத்து வைத்து, அதனால் விழும் பள்ளத்தை இல்லாதவரின் சவர்க்காரத்தின் மீது வரி போட்டு அரசாங்கம் நிரப்ப விடுவது இந்த முறைக்கு நேர் எதிரானது. போடியாருக்கு இது புரியாததல்ல.

"கட்டினாலும் அரசியல்வாதி தின்றுவிடுவான்" என்பது அடுத்த வாதம். ஊழல் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் இந்த வாதம் வரி கட்டாமலிருக்க வசதியுள்ளவருக்கு மட்டுமே பயன்படுகிறது. அரசியல்வாதி தின்கிறான் என்பதற்காக மீனவர் கடைக்காரரிடம் வற்றைக் கழித்துக்கொள் என்று சொல்ல முடியுமா? அவர் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார். தப்பித்தவர் தப்பித்த தொகையும் சேர்ந்து அவர் தலையில்தான் விழுகிறது.

செய்ய வேண்டியவை என்று நான் கருதுவனவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, பொருளின் விலையில் வரி எவ்வளவு என்பது சிறிய கடையின் பொருளிலும் வாங்குபவருக்குத் தெரியும்படி அச்சிடப்பட வேண்டும். இரண்டாவது, பாடசாலைப் பொருள்கள், சவர்க்காரம், சமையல் எரிவாயு போன்ற ஏழைவீட்டுத் தேவைகளை வற்றிலிருந்து விலக்க வேண்டும். மூன்றாவது, அதனால் குறையும் வருவாயைச் சம்பளக்காரரின் வீதத்தை மேலும் ஏற்றி ஈடுகட்டக் கூடாது. இதுவரை வரிக்கோப்பே திறக்காத பெரும் வருமானங்களிலிருந்து பெற வேண்டும். 1959இல் செல்வ வரி கொண்டுவந்த நாடு இது. இன்று செல்வ வரியும் இல்லை, மரபுரிமைச் சொத்து மீது வரியும் இல்லை. பெரும் சொத்துகளின் மீதான வரி பேச்சளவிலேயே தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. வற் வரியோ எட்டிலிருந்து பதினெட்டுக்கு ஏற 19 மாதங்களே பிடித்தன. நான்காவது, இது அரசுக்கல்ல, எங்கள் ஊர்களுக்கு: வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் ஸகாத் கணக்குப் பார்க்க உதவுவதுபோல் வருமான வரிக் கணக்கை நேர்மையாக எழுதவும் உதவ வேண்டும். ஏய்ப்பது சாமர்த்தியம் என்ற எண்ணம் சட்டத்தால் மட்டும் மாறாது.

வருமான வரியை யாரும் விரும்பிக் கட்டுவதில்லை. நானும் விரும்பிக் கட்டியதில்லை. ஆனால் மாதம் அறுபதினாயிரம் உழைக்கும் மீனவரிடம் "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேட்டு, "ஒன்றும் முடியாது" என்ற மறுமொழியை ஏற்றுக்கொள்ளும் வரி அது ஒன்றுதான். வற் வரி அப்படிக் கேட்பதில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தின்போது வருமான வரி கூடுமா குறையுமா என்று விசாரிக்கும் நண்பர்கள், வற் குறையுமா என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கல்முனைக் கரையில் பெரும்பாலானோர் கட்டும் வரி அதுதான்.